உப்புப் பார்க்காத கறி

பெப்ரவரி 22, விபூதிப் புதன்

காலைப் பூசையில் நெற்றிக்குச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். வந்த கையோடு ஆட்டிறைச்சி வெட்டினேன். தவசுகாலத்தில் என் குசினிக்குள் இறைச்சி வருவது இதுதான் முதல் தடவை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் கத்தியைப் பறித்திருப்பா.

இவருக்கு உணவுக்குழாயில் புற்று. மார்ச் 28 அன்று ஆஸ்பத்திரியில் நிறை பார்ப்பார்கள். இப்போது 58 கிலோ. 55க்குக் கீழே போனால் உடம்பு தாங்காது, மருந்து ஏற்றுவதை நிறுத்திவிடுவோம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு விஷயம் பார்க்கிற வெள்ளைக்காரப் பிள்ளை, இவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்று எழுதி வைக்கச் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கொப்பி. அவளுக்குத் தமிழ் தெரியாது, கேட்டால் நான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு காலமும் நான் எழுதியது வீட்டுக் கணக்கு மட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மிச்சத் தமிழைச் செபப்புத்தகத்தில் படித்தேன். ஆங்கிலத்தை லண்டன் சுப்பர்மார்க்கெட் பக்கெற்றுகளில் படித்தேன்.

ஆஸ்பத்திரி தந்த சத்துப் பால்போத்தல்களைக் கண்டால் இவர் முகத்தைத் திருப்புகிறார். நேற்றுத்தான் வாய்விட்டுக் கேட்டார். "இஞ்சேரும், ஆட்டிறைச்சிக் கறி வைச்சுத் தாரும். நல்லா அவிய விட்டா இறங்கும்."

பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். "வருத்தக்காரருக்கு ஒருசந்தி நோன்பு இல்லை அம்மா. தாராளமாச் சமைச்சுக் குடுங்கோ" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "சமைக்கிற ஆள் சாப்பிடலாமோ எண்டு கேக்கேல்லையே" என்றார். நான் அதைக் கேட்கப் போவதில்லை. உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் இறைச்சி, மீன், முட்டை நாக்கில் வைப்பதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன். இவருடைய நிறை குறையக்கூடாது. வேறொன்றும் கேட்கவில்லை.

சாப்பிட்டது: சோறு இரண்டு கரண்டி, கறி கொஞ்சம். பாதியில் இருமல்.

பெப்ரவரி 25, சனி

தமிழ்க்கடையில் கிடாய் இறைச்சி விற்கிற விலைக்குக் கிட்டப் போக முடியாது. ஆகவே சுப்பர்மார்க்கெட் செம்மறிதான். பின்னேரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அன்றைக்கே விற்க வேண்டிய சாமான் பாதி விலைக்கு வரும். கழுத்துத் துண்டும் நெஞ்சுத் துண்டும் அகப்பட்டன. அவற்றை வெள்ளைக்காரர் தொடுவதில்லை. கறிக்கு அவைதான் ருசி.

செம்மறியின் மணம் முழுக்கக் கொழுப்பில்தான் இருக்கிறது. கொழுப்பை வழித்து எடுத்து, வினாகிரியும் மஞ்சளும் போட்டுப் பிசறி ஊறவிட்டுக் கழுவினால் பாதி போகும். மிச்சத்தை இஞ்சியும் உள்ளியும் பெருஞ்சீரகமும் பார்த்துக்கொள்ளும். ஊர்த்தூள் போட்டுப் பிரட்டி, தண்ணீர் விட்டு மூடி, எலும்பு கழன்று வரும்வரை மெல்லிய நெருப்பில் விட்டேன். கடைசியில் தேங்காய்ப்பால், தேசிக்காய்.

உப்புப் பார்க்கத்தான் வழியில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலும் நேர்த்தி முறிந்துவிடும். அதனால் தொடங்கும்போதே ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பை அளந்து வைக்கிறேன். கிண்ணம் வெறுமையானால் கறிக்கு உப்புப் போட்டாயிற்று என்று அர்த்தம்.

"செம்மறி" என்றார் இவர், மூக்கைச் சுருக்கிக்கொண்டு. "ஊரில இதை ஆர் வாங்கினவை? நாங்கள் கிடாய் திண்ட சனம்."

"கிடாய் திண்ட சனம் இப்ப கஞ்சி குடிக்குது. வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ."

"வாயை மூடினா எப்பிடிச் சாப்பிடுறது?"

பின்கதவைத் திறந்து, அங்கே கதிரை போட்டு, மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டார். காற்றுப் பட்டால் இறங்குமாம். நான் பக்கத்தில் நின்றேன். "நீர் பாத்துக்கொண்டு நிண்டா எனக்கு இறங்காது. மேலை போய்ச் செபமாலை சொல்லும்" என்றார். சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். கோப்பை துடைத்தது போல இருந்தது. எலும்புகூட இல்லை.

"எலும்பெங்கை?"

"சப்பிப் போட்டுக் குப்பைக்குள்ள எறிஞ்சிட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாதாவே.

சாப்பிட்டது: முழுவதும்.

மார்ச் 1, புதன்

சாப்பிட்டது: முழுவதும். ஆண்டவருக்குத் தோத்திரம்.

மார்ச் 5, ஞாயிறு

பின்வளவில் ஒரு நரி. பட்டப்பகலில், வேலியோரம் வந்து குந்திக்கொண்டு எங்கள் கதவைப் பார்க்கிறது. லண்டனில் நரி புதினமில்லை, ஆனால் எங்கள் வளவுக்கு வந்தது இல்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"விடும், விடும்" என்று இவர் கையைக் காட்டி மறித்தார். "பெட்டை நரி. எங்கையோ குட்டி போட்டிருக்குது. பாவம்."

"பெட்டை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"முழிக்கிற முழியைப் பாரும். உம்மை மாதிரியே கிடக்கு."

இவர் பகிடி விட்டு எத்தனை நாள். விளக்குமாற்றை வைத்துவிட்டேன்.

சாப்பிட்டது: கறி முழுவதும். சோறும்தான்.

மார்ச் 10, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகுமுன் இவருக்குக் கபாப் செய்து வைத்தேன். நேற்றிலிருந்து அதுதான் கதை. நாங்கள் இங்கே வந்த புதிதில் இவர் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. வேலை முடிந்து வரும்போது ஒரு கபாப் வாங்கிக் கடதாசியில் சுற்றி, கோட்டுக்குள் வைத்துச் சூடு ஆறாமல் கொண்டுவருவார். ஒன்றுதான் வாங்கக் கட்டுப்படியாகும். கட்டிலில் இருந்து இரண்டாகப் பிய்த்துத் தின்போம். கோட்டில் பெற்றோல் மணமும் ஆட்டுக்கொழுப்பு மணமும் கலந்து கிடக்கும்.

மஞ்சள் ஸ்டிக்கரில் அரைத்த ஆட்டிறைச்சி அகப்பட்டது. வெங்காயத்தைச் சீவி, தண்ணீரைப் பிழிந்தெடுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் குச்சியில் நிற்காது. இஞ்சி, உள்ளி, சீரகம், பச்சை மிளகாய், கொத்தமல்லி இலை. கை வலிக்கும்வரை பிசைந்தேன். குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, இறைச்சியை நீளமாகப் பிடித்து அடுப்பின் கிறில்லில் வைத்தேன். கொழுப்பு உருகி நெருப்பில் விழுந்தபோது வந்த மணத்தில் என் வாயிலும் தண்ணீர் ஊறியது. அதையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன்.

கோயிலால் வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. "எப்பிடி?" என்றேன். "அந்தக் கடைக்காரன் உம்மட்டைப் பிச்சை வாங்கோணும்" என்றார்.

உடுப்புக் காயப் போடப் போனபோது வேலியடியில் ஒரு கபாப் குச்சி கிடந்தது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும்.

சாப்பிட்டது: கபாப் நான்கும்.

மார்ச் 14, செவ்வாய்

பக்கத்து வீட்டு டொரத்தி கதவைத் தட்டினா. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. திறந்து காட்டினா. உள்ளே எலும்புகள்.

"என்னுடைய ரோசாப் பாத்திக்குள் கிடந்தது. உங்கள் வீட்டினுடையது என்று நினைக்கிறேன்" என்றா.

இந்த ஒழுங்கையில் கறி சமைக்கிற வீடு நிறைய இருக்கிறது என்று சொன்னேன். டொரத்தி சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. "நரிதான் கொண்டுவந்து புதைக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் யார் கொடுக்கிறார்களோ அவர்களிடம் சொல்லுங்கள். உப்பும் காரமும் அதற்கு ஆகாது. சமைத்த எலும்பு உடைந்து தொண்டையில் குத்தும். அதற்குக் குட்டிகளும் இருக்கின்றன." அதைச் சொல்லும்போது அவவின் கண் என் தோளுக்கு மேலால் உள்ளே போனது. உள்ளே இவர் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

பையை வாங்கிக் குப்பையில் போட்டேன். ஒரு எலும்பில் கறிவேப்பிலை ஒட்டிக்கிடந்தது. எல்லாரும்தானே கறிவேப்பிலை போடுகிறார்கள்.

சாப்பிட்டது: முழுவதும்.

மார்ச் 19, ஞாயிறு

மகள் நிரோஜா கனடாவிலிருந்து வீடியோவில் வந்தாள்.

"அம்மா, அப்பா நல்லா மெலிஞ்சிட்டார்."

"போனுக்குள்ள எல்லாரும் அப்பிடித்தான் தெரிவினம் பிள்ளை. ரெண்டு கோப்பை கறி சாப்பிடுறார். நான் எழுதி வைச்சிருக்கிறன்."

"உண்மையாவோ அப்பா?"

"கொம்மா என்னை இறைச்சிக்கடை ஆக்கிப்போட்டா" என்றார் இவர், வயிற்றைத் தடவிக் காட்டினார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போனை வைத்த பிறகு இவருடைய பெல்ற்றுக்கு ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். போன கிழமை போட்ட ஓட்டையும் தொய்ந்துபோனது. தோல் பழசானால் இழுபடும்.

மார்ச் 22, புதன்

இன்றைக்குக் கழுத்துத் துண்டுகள். காலையில் இருந்து குசினியில் நின்றேன். தவசுகாலத்துப் பசாம் பாட்டுகளைப் பாடிக்கொண்டு சமைத்தேன். மாதா சிலுவையடியில் நின்று புலம்புகிற பாட்டு வந்ததும், "அதைத் திரும்பப் பாடும்" என்று கதிரையில் இருந்து சத்தம் வந்தது. திரும்பப் பாடினேன். இவருக்குக் கறியைப் போட்டுக் கொடுத்துவிட்டு மேலே போனேன்.

இறங்கி வந்ததும் வெறும் கோப்பையை நீட்டினார். "இண்டைக்குத்தான் உப்பு அளவா வந்திருக்கு. மற்ற நாளில ஒரு சொட்டுக் கூடத்தான். நான் சொல்லேல்லை."

சந்தோஷத்தோடு பாத்திரம் கழுவப் போனேன். தேங்காய்ப்பால் டின்னுக்குப் பின்னால் உப்புக் கிண்ணம் இருந்தது. காலையில் அளந்து வைத்த உப்பு வைத்தபடியே இருந்தது.

உப்பைத் திரும்பச் சாடிக்குள் கொட்டினேன். கிண்ணத்தைக் கழுவினேன். கழுவ ஒன்றுமில்லை, ஆனாலும் கழுவினேன். யன்னலுக்கு வெளியே நரி நாக்கால் வாயை நக்கிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தது.

செபமாலை சொல்லத் தொடங்கி மூன்றாம் தேவரகசியத்தில் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் போனது. திரும்ப முதலில் இருந்து சொன்னேன். திரும்பவும் அப்படித்தான்.

சாப்பிட்டது:

மார்ச் 24, வெள்ளி

இன்றைக்கு எலும்பையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டேன். மிளகாய்த்தூள் போடவில்லை. உப்புக் கிண்ணத்தை எடுக்கவே இல்லை. இவருக்குத் தொண்டை புண்ணாக இருக்கிறது, உறைப்பு ஆகாதுதானே.

மேலே போய்ச் செபமாலை சொல்லிவிட்டு, படியில் சத்தம் போட்டுக் காலை வைத்து இறங்கி வந்தேன்.

"கொஞ்சம் உறைப்புக் கூடிப்போச்சு" என்றார். "ஆனா ருசி."

"அப்பிடியோ" என்றேன். "அடுத்த முறை குறைக்கிறன்."

மார்ச் 28, செவ்வாய்

51 கிலோ.

தராசு பிழையாக இருக்கும் என்று சொல்லி நானும் ஏறி நின்றேன். என்னுடைய நிறையைச் சரியாகத்தான் காட்டியது.

டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு கதைத்தார். அப்படிக் கதைப்பவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இனி மருந்து ஏற்றுவதில்லை. வீட்டுக்கு நேர்ஸ் வருவார்கள். நோவு வராமல் பார்த்துக்கொள்வார்கள். வயிற்றில் குழாய் வைப்பது பற்றிக் கேட்டார். இவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். என்னைப் பார்த்து, "இவ சமைக்கிறதை விட்டிட்டுக் குழாயில என்னத்தை ஊத்துறது?" என்று தமிழில் சொன்னார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி டொக்டர் என்னைப் பார்த்தார். விருப்பமில்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

சாப்பாட்டு விஷயம் பார்க்கிற பிள்ளை வந்தாள். "நீங்கள் எழுதி வைத்த கொப்பியைப் பார்க்கலாமா? சாப்பிட்டும் இவ்வளவு குறைந்திருக்கிறது என்றால் நான் காரணம் பார்க்க வேண்டும்."

வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். கொப்பி என் கைப்பைக்குள் கிடந்தது. கைப்பை என் மடியில் கிடந்தது. தவசுகாலத்தில், பெரிய கிழமைக்குக் கிட்ட, பொய். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கை கழுவுகிற படத்தைப் பார்த்தேன்.

பஸ்சில் வரும்போது இவர், "இஞ்சேரும், சுப்பர்மார்க்கெட்டில இறங்குவமோ? மஞ்சள் ஒட்டுற நேரம்தானே" என்றார்.

இறங்கினோம். இவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் எடுத்துப் போட்டேன். தோள் துண்டு ஒன்று, அரைத்த இறைச்சி ஒன்று.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலையில் சிலுவை கட்டி இவருடைய கட்டில் தலைமாட்டில் செருகினேன். கட்டிலைக் கீழே, பின்கதவுக்குப் பக்கத்தில் இறக்கியாயிற்று. தண்ணீர் கரண்டியால். பால்போத்தலில் இரண்டு மிடறு.

ஆனாலும் கறி கேட்டார். வைத்தேன். உப்பில்லாமல், உறைப்பில்லாமல், எலும்பில்லாமல். கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு மேலே போனேன்.

மேல் யன்னலால் பார்த்தேன். இனி ஏன் மறைக்க வேண்டும். கதவுக்கு வெளியே இவருடைய தலையும் கையும் மட்டும் தெரிந்தன, கட்டிலில் இருந்து சரிந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளியே வைத்தார். எறியவில்லை. வைத்தார். நரியோடு இரண்டு குட்டி வந்திருந்தது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

இன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. இவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, உயிர்ப்புத் திருநாள்

இரவுப் பூசைக்குப் போகவில்லை. இவரைத் தனியே விட முடியாது. சுவாமி காலையில் வந்து நற்கருணை தந்தார். இவருக்கு ஒரு துணுக்கு, தண்ணீரில் கரைத்து.

ஐஸ்பெட்டியில் உறையப் போட்டிருந்த தோள் துண்டில் கறியும், அரைத்த இறைச்சியில் கபாப்பும் செய்தேன். ஊர்த்தூள் அள்ளிப் போட்டேன். உப்புக் கிண்ணத்தை வெறுமையாக்கினேன். ஒரு கோப்பையில் போட்டு இவரிடம் கொண்டுபோனேன்.

"எனக்கு வேண்டாம்" என்றார்.

"தெரியும்."

என் பக்கம் திரும்பினார். "எப்ப தொடக்கம்?"

"உப்பு அளவா வந்திருக்கு எண்டு சொன்னியளே, அண்டைக்குக் கறியில உப்பே இல்லை."

சிரிக்கத் தொடங்கி இருமலில் முடிந்தது. முதுகைத் தடவினேன். கைக்கு எலும்புதான் அகப்பட்டது. "சீ, பிழைச்சுப் போச்சு" என்றார். "அதுக்குப் பிறகும் ஏன் சமைச்சனீர்?"

"நீங்கள் கேட்டியள்."

"முதல்ல முதல்ல விழுங்கிப் பாத்தனான். பத்து நாளுக்குப் பிறகு தண்ணியும் நிண்டு நிண்டுதான் போச்சுது. சொன்னா நீர் குசினியைப் பூட்டிப்போட்டுப் பால்போத்தலோட வந்து பக்கத்தில இருந்து அழுவீர். எனக்கு உள்ளி வதங்கிற மணம் வேணும். நீர் அங்கை நிண்டு பாடுறது கேக்கவேணும்."

மாதாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தரவில்லை. அவவிடம் அதைப் பற்றிக் கதைக்க இன்னும் வாய் வரவில்லை.

எழும்பினேன். "இண்டைக்கு மேலை போகாதேயும்" என்றார். "இதில இரும். தவசு முடிஞ்சுதெல்லோ. நீர் சாப்பிடும், நான் பாக்கிறன்."

கட்டில் விளிம்பில் இருந்து கோப்பையை மடியில் வைத்தேன். முதல் வாய் வைத்தேன். எனக்கும் இறங்கவில்லை. ஆனால் இவர் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன்.

"சும்மா விழுங்காமல் சொல்லும். எப்பிடி இருக்கு?"

"இறைச்சி பஞ்சு மாதிரி வந்திருக்கு. செம்மறி மணம் துப்பரவா இல்லை. உறைப்பு நாக்கு நுனியில நிக்குது. உப்புத்தான் ஒரு சொட்டுக் கூடிப்போச்சு."

"நான் முதலே சொன்னனான்" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "கபாப்?"

ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்தேன். பாதியை இவருடைய உள்ளங்கையில் வைத்தேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். நான் மற்றப் பாதியைத் தின்றேன்.

வேலிக்குள்ளால் நரி வந்து வழக்கமான இடத்தில் குந்தியது. இவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"போ பிள்ளை" என்றார் அதைப் பார்த்து. "இண்டைக்கு உனக்கு இல்லை. வீட்டுக்காரிக்குப் பசி."

ஜூன் 3, சனி

இவருடைய முப்பத்தோராம் நாள் பூசை. நிரோஜா வந்து நிற்கிறாள். கோயிலில் இருந்து வந்தவர்களுக்கு வீட்டில் சாப்பாடு. தமிழ்க்கடையில் கிடாய் வாங்குவோம் என்று நிரோஜா சொன்னாள். நான் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ச் செம்மறிதான் வாங்கி வந்தேன். கறியை இறக்குமுன் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தேன். சரியாக இருந்தது.

டொரத்தியும் வந்திருந்தா. உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓட ஓட முழுவதையும் சாப்பிட்டா. அவவின் பாத்தியில் பூத்த ரோசாவில் ஒரு கொத்துக் கொண்டுவந்திருந்தா.

எல்லாரும் போன பிறகு, ஊறப் போடுமுன்னமே எடுத்து வைத்திருந்த கொஞ்ச இறைச்சியை வெறும் தண்ணீரில் அவித்தேன். எலும்பு எடுத்தேன். ஆறவிட்டு, இவருடைய கோப்பையில் போட்டுப் பின்கதவைத் திறந்து வெளியே வைத்தேன்.

"அம்மா, ஆருக்கு?" என்று நிரோஜா கேட்டாள்.

"கதவை விட்டிட்டு வா" என்றேன். "பாத்துக்கொண்டு நிண்டா இறங்காது."

அவளையும் கூட்டிக்கொண்டு மேலே போய்ச் செபமாலை சொன்னேன். ஐந்து தேவரகசியமும் பிழைக்காமல் வந்தது.

சாப்பிட்டது: முழுவதும்.